வான் பாயும் காலத்துக் கேள்வி பதில்: சூறாவளியும் வன்னியும்

சரி, தொடங்குவோம். வங்கக்கடலில் ஒரு தாழமுக்கம் கிடக்கிறது. மூன்று நாளாக ஆளாளுக்குத் தனித்தனியே என்னைக் கேட்டுக்கொண்டிருக்கிறீர்கள், ஒரே பதிலைப் பத்துப் பேருக்கு எழுதி விரல் நோகிறது. அதனால் இன்றிரவு எல்லாரும் ஒரே இடத்தில் கேளுங்கள். என்னைத் தெரியாதவர்களுக்கு: வட இலங்கையில் வன்னிப் பக்கத்து முள்ளியவளைக்காரன், குளங்களோடும் மழைமானியோடும் 31 வருடம் வேலை செய்து ஓய்வுபெற்றவன். நாளைக்கு என்ன நடக்கும் என்று சொல்லுகிற ஆள் நானில்லை, அதற்கு வளிமண்டலவியல் திணைக்களம் இருக்கிறது. முன்பு என்ன நடந்தது, ஏன் நடந்தது, விழுகிற தண்ணீர் எந்தப் பக்கம் போகும், இதைக் கேட்டால் தெரிந்ததைச் சொல்வேன்.

அதற்கு முதல் ஒன்று. குளம் வான் பாயுது, அதாவது நிரம்பி வழிகிறது, என்று கேள்விப்பட்டால் பார்க்கப் போகாதீர்கள். விடியும்வரை இதைப் பல தடவை சொல்லுவேன், கோபிக்க வேண்டாம்.

முள்ளியவளை, ஒரு ஆசிரியை: ஐயா, தரம் 7 பிள்ளைகளுக்கு 1964 சூறாவளி பற்றி ஒரு வேலை கொடுத்திருக்கிறேன். அது அடித்தது முல்லைத்தீவிலா, மன்னாரிலா? தேடினால் தனுஷ்கோடிக் கதைதான் வருகிறது.

இதற்காகத்தான் பிள்ளை நான் உட்கார்ந்ததே. அந்தச் சூறாவளி டிசம்பர் நடுப்பகுதியில் தெற்கு அந்தமான் கடலில், ஏறக்குறைய 5 பாகை வடக்கில் உருவானது. மத்தியகோட்டுக்கு அவ்வளவு கிட்டச் சூறாவளி உருவாவது அபூர்வம், ஏனென்றால் காற்றை வளைத்துச் சுழலவிடுகிற புவிச்சுழற்சி விசை மத்தியகோட்டில் இல்லை, வடக்கே வர வரத்தான் அது கூடும். அப்படி உருவாகி மேற்கே வந்து, டிசம்பர் 22 எங்கள் வடகிழக்குக் கரையில் ஏறி, வவுனியாவைக் கடந்து, மறுபக்கத்தால் கடலில் இறங்கி, அன்றிரவே தனுஷ்கோடியை அடித்தது. ஆகவே முல்லைத்தீவா மன்னாரா என்று பிள்ளைகள் கேட்டால், வன்னியை ஒரு கரையிலிருந்து மறு கரைவரை உழுதுகொண்டு போனது என்று எழுதச் சொல்லுங்கள்.

தனுஷ்கோடிக் கதைதான் வரும், வரத்தான் வேண்டும். பாம்பனிலிருந்து நள்ளிரவுக்குச் சற்று முன்பு புறப்பட்ட 653-ஆம் இலக்க ரயிலைப் பயணிகள், ஊழியர் என்று 115 பேரோடு கடல் கொண்டுபோனது. 1914 முதல் தலைமன்னாரிலிருந்து கப்பல் போய்க் கரை பிடித்த துறைமுகப் பட்டினம் ஒரே இரவில் மணலாகிப்போனது. ஏன் அங்கே அவ்வளவு தண்ணீர் ஏறியது என்பதைப் பிள்ளைகளுக்குச் சொல்லுங்கள். எங்கள் அரைக்கோளத்தில் சூறாவளி இடப்பக்கமாகச் சுழலும், மணிக்கூட்டு முள்ளுக்கு எதிராக. அது மேற்கே நகரும்போது அதன் வடக்குப் பக்கத்தில் சுழல்காற்றும் நகர்வும் ஒரே திசையில் சேர்ந்துகொள்ளும், அந்தப் பக்கம்தான் கடலைத் தள்ளும் பக்கம். பாக்கு நீரிணையோ ஆழமற்ற கடல். தள்ளப்படும் தண்ணீருக்குக் கீழே போக இடமில்லை, மேலேதான் ஏறும்.

இனி எங்கள் பக்கம். எனக்கு அப்போது 7 வயது. பகலே இருட்டிவிட்டது. காற்று முதலில் வடக்கிலிருந்து வந்தது, வடக்குப் பக்கக் கிடுகுக் கூரை பாயை உதறுவதுபோல எழும்பி எழும்பி விழுந்தது. அம்மம்மா உரலை உருட்டிக் கதவுக்கு முட்டுக்கொடுத்துவிட்டு எங்கள் மூன்று பேரையும் நெல்லு மூட்டைகளுக்கு நடுவில் இருத்தினா. அப்புறம் காற்று மெல்லத் திரும்பிக் கடற்பக்கத்திலிருந்து வந்தது, அந்த நேரம் உதட்டில் பட்ட மழையில் உப்புக் கரித்தது. கடல் எங்கள் வீட்டிலிருந்து பிள்ளைகள் நடந்துபோகிற தூரத்திலும் இல்லை. விடியப் பார்த்தால் முற்றத்துப் பூவரசில் ஒரு இலை கிடையாது, யாரோ ஒரு பெரிய சீப்பால் வாரிவிட்டதுபோல மொட்டையாக நின்றது.

இப்போது கவனியுங்கள். எங்கள் வீட்டில் காற்று இடையில் ஓயவில்லை. வடக்கிலிருந்து கிழக்குக்குத் திரும்பியது, அவ்வளவுதான். சூறாவளியின் கண், அதாவது அதன் நடு, தலைக்கு மேலால் போயிருந்தால் நடுவில் செத்த அமைதி வந்து, பிறகு நேரெதிர்ப் பக்கத்திலிருந்து அடித்திருக்கும். கண் எங்களுக்கு வடக்கால் போயிருந்தால் காற்று மேற்குப் பக்கமாகத் திரும்பியிருக்கும். ஆக, அது எங்களுக்குத் தெற்கால் போயிருக்கிறது. 7 வயதுப் பொடியனின் ஞாபகத்தில் இவ்வளவு கிடக்கிறது. உங்கள் பிள்ளைகளுக்கு இதையே வேலையாகக் கொடுங்கள்: ஊரில் எழுபது தாண்டியவர்களிடம் போய் இரண்டே கேள்வி, காற்று எந்தப் பக்கமிருந்து எந்தப் பக்கம் திரும்பியது, இடையில் நின்றதா. ஒவ்வொரு ஊரிலும் ஒரு அம்புக்குறி போட்டுக்கொண்டு வந்தால் பாதை தானாகத் தெரியும். சீக்கிரம் செய்யுங்கள், கேட்க ஆட்கள் குறைந்துகொண்டு வருகிறார்கள்.

விசுவமடு: நாளைக்குப் பள்ளிக்கூடம் இருக்கா?

வலயக் கல்வி அலுவலகத்தைக் கேளுங்கள்.

வவுனியா: தாழமுக்கம், ஆழ்ந்த தாழமுக்கம், சூறாவளி, புயல், இதெல்லாம் வேறு வேறா?

புயல் என்று தமிழ்நாட்டில் சொல்வதைத்தான் நாங்கள் சூறாவளி என்கிறோம். மற்றதெல்லாம் காற்றின் வேகக் கணக்கு. சுழல்காற்று மணிக்கு 62 கிலோமீற்றரைத் தொட்டால் சூறாவளி, பெயர் வைப்பார்கள். அதற்குக் கீழே 50 வரை ஆழ்ந்த தாழமுக்கம், அதற்கும் கீழே தாழமுக்கம்.

ஆனால் இந்தக் கணக்கு காற்றுக்குத்தான், மழைக்கல்ல. இதை எங்கள் சனம் விளங்கிக்கொள்வதே இல்லை. "இன்னும் சூறாவளியாகவில்லையாம்" என்று ஆறுதல்படுகிறார்கள். 2008 நவம்பர் கடைசியில் நிஷா வந்ததே, அது எங்கள் தலைக்கு மேல் கிடந்தபோது பெயர்கூட வைக்கவில்லை, வெறும் தாழமுக்கம். பிறகுதான் கடலில் பலத்து, 27-ஆம் திகதி காரைக்கால் பக்கம் கரையேறியது. இங்கே அந்த வெறும் தாழமுக்கத்தில் என்ன நடந்தது என்பதை, தருமபுரத்திலும் விசுவமடுவிலும் அப்போது தரப்பாளுக்குள் இருந்தவர்களிடம் கேளுங்கள். இடம்பெயர்ந்து வந்து, கிடைத்த பள்ளக் காணியில் நாலு தடி நட்டுத் தரப்பாள் கட்டியிருந்த சனம். கூரையைக் காற்றுக் கொண்டுபோகவில்லை, கீழேயிருந்து தண்ணீர் வந்தது. அடுப்புக் கல்லு மூன்றையும் மேசையில் ஏற்றி வைத்துத் தேத்தண்ணி வைத்த வீட்டைப் பார்த்திருக்கிறேன்.

மட்டக்களப்பு: நீங்கள் 64, 64 என்கிறீர்கள். 78-ஐ மறந்துவிட்டீர்களா? அதுதான் இலங்கையில் பெரியது.

மறக்கவில்லை தம்பி. 1978 நவம்பர் 23 இரவு மட்டக்களப்பில் கரையேறியது, 915 பேர் இறந்தார்கள், உங்கள் மாவட்டத்தில் பத்துத் தென்னைக்கு ஒன்பது விழுந்தது. காற்றால் வந்த அழிவு என்றால் உங்களுடையதுதான். ஆனால் கேட்டது முல்லைத்தீவுப் பிள்ளை, அதனால் 64. எங்கள் வயசாளிகள் இரண்டையும் ஒன்றாகக் குழைத்துக் கதை சொல்வார்கள், பிள்ளைகள் எழுதும்போது வருடத்தைச் சரிபார்க்க வேண்டும். பெரியது சின்னது என்ற போட்டிக்கு நான் வரவில்லை.

மன்னார்: புரவி என்றால் குதிரைதானே? சூறாவளிக்கு ஏன் குதிரை என்று பெயர் வைத்தார்கள்?

நாங்கள் தமிழாக்கிக்கொண்டோம். அது மாலைத்தீவு கொடுத்த பெயர், அவர்களுடைய பாசையில் ஒரு கண்டல் மரம். வட இந்து சமுத்திரப் பக்கத்து 13 நாடுகள் முன்கூட்டியே பட்டியல் கொடுத்து வைத்திருக்கின்றன, வரிசைப்படி எடுப்பார்கள். 2025 நவம்பரில் வந்த டிட்வா யேமன் கொடுத்தது, அங்கே ஒரு தீவிலுள்ள களப்பின், கடலோர உவர்நீர் ஏரியின், பெயர். பெயர் வைக்கிற வழக்கமே இந்தக் கடலில் 2004-இல்தான் தொடங்கியது, அதனால்தான் 64-க்கும் 78-க்கும் வருடமே பெயர்.

புரவி எப்படிப் போனதென்று பாருங்கள். 2020 டிசம்பர் 2 இரவு திருகோணமலைக்கு வடக்கே, முல்லைத்தீவுக்குத் தெற்கே கரையேறியது. வன்னியைக் குறுக்கறுத்து மன்னார்க் கடலில் இறங்கியது. ஏறக்குறைய 64-இன் அதே வழி. ஆனால் காற்று எண்பது தொண்ணூறுக்கு மேல் போகவில்லை. பிறகு இராமநாதபுரம் கரையோரம் நகராமல் கிடந்து, எங்கோ இருந்துகொண்டு யாழ்ப்பாணத்தை வெள்ளமாக்கியது. பாதை ஒன்று, பலன் வேறு.

கனடாவிலிருந்து: அங்கிள், 2004 சுனாமியும் சூறாவளிக் கடல் ஏறுவதும் ஒன்றுதானா? அம்மா இரண்டையும் "கடல் வந்தது" என்றுதான் சொல்லுவா.

இல்லை மகன். சுனாமி நில அதிர்வால் வந்தது. சுமாத்திராவுக்குப் பக்கத்தில் கடலடி குலுங்கி இரண்டு மணித்தியாலம் கழிந்து, வெளித்த காலை, வெயில் எறித்துக்கொண்டிருக்கும்போது முல்லைத்தீவுப் பட்டினத்தை அள்ளியது. வானத்தில் ஒரு அறிகுறியும் கிடையாது. சூறாவளிக் கடல் அப்படியல்ல, காற்று மணிக்கணக்காகத் தள்ளித் தள்ளி ஏற்றுவது, வரும் முன்னே ஒரு நாளாவது அறிவித்தல் கிடைக்கும். அம்மா சொல்கிற சொல்லைத் திருத்த வேண்டாம். அன்றைக்கு அந்தக் கரையில் நின்ற ஆளுக்கு அது "கடல் வந்தது"தான்.

கிளிநொச்சி, பன்னங்கண்டிப் பக்கம்: இரணைமடு வான் கதவு திறந்தால் எங்களுக்கு எவ்வளவு நேரம் இருக்கும்?

மணித்தியாலக் கணக்குச் சொல்லமாட்டேன். எத்தனை கதவு, எவ்வளவு உயரம், கீழே ஏற்கெனவே எவ்வளவு தண்ணீர், எல்லாம் சேர்ந்த கணக்கு அது. நான் ஒரு நேரம் சொல்ல, நீங்கள் அதை நம்பி மாட்டை அவிழ்க்காமல் இருப்பீர்கள்.

ஆனால் வேறொன்று சொல்கிறேன். இரணைமடு கனகராயன் ஆற்றை மறித்துக் கட்டிய குளம். அந்த ஆறு வவுனியாப் பக்கமிருந்து வருகிறது. ஆகவே கிளிநொச்சியில் வெயில் எறித்தாலும், வவுனியா வடக்கிலும் மாங்குளத்திலும் இரவிரவாகக் கொட்டியதென்றால் அந்தத் தண்ணீர் உங்களுக்குத்தான். குளம் 36 அடி, அதற்கு மேல் வருவது பன்னங்கண்டி, முரசுமோட்டை, ஊரியான், கண்டாவளை வழியே சுண்டிக்குளம் களப்புக்குப் போக வேண்டும், அதற்கு வேறு வழி கிடையாது. 2018 டிசம்பர் 21 இரவு அதுதான் நடந்தது. அதற்குப் பெயர் வைத்த சூறாவளி எதுவும் இல்லை, ஞாபகம் வைத்திருங்கள். கதவை எப்போது திறந்தார்கள், ஏன் அப்போது திறந்தார்கள் என்ற சண்டைக்கு என்னை இழுக்காதீர்கள். உங்களுக்கு வேண்டியது மேலே இருக்கிற ஒரு உறவுக்காரரின் ரெலிபோன் இலக்கம். இரவு பத்துக்கு ஒரு தரம், விடிய ஒரு தரம் எடுத்து, "அங்கே எப்படி?" என்று கேளுங்கள்.

மன்னார்க்காரருக்கும் இதேதான். அருவியாறு அநுராதபுரத்துத் தண்ணீரைக் கொண்டுவருகிறது. உங்கள் வானம் நீலமாக இருக்கும்போதே வெள்ளம் வரலாம்.

வான் பார்க்கப் போகாதீர்கள்.

புதுக்குடியிருப்பு: 100 மில்லிமீற்றர் என்றால் எவ்வளவு? சும்மா பத்துச் சென்ரிமீற்றர்தானே?

சும்மாவா? ஒரு மில்லிமீற்றர் என்பது ஒரு சதுர மீற்றரில் ஒரு லீற்றர். ஒரு ஏக்கர் 4,047 சதுர மீற்றர். 100 மில்லிமீற்றர் விழுந்தால் உங்கள் ஒரு ஏக்கரில் 4 லட்சம் லீற்றர். 10,000 லீற்றர் பவுசர் நாற்பதைக் கொண்டுவந்து ஒரே நாளில் உங்கள் வயலில் திறந்துவிட்டதாக நினையுங்கள். பக்கத்து வயலிலும் நாற்பது. குளத்துக்கு மேலே காடு முழுக்க ஏக்கருக்கு நாற்பது. இப்போது சும்மா என்பீர்களா?

வீட்டில் அளக்க ஆசையென்றால் நேரான பக்கமுள்ள ஒரு ரின் போதும், வாய் அகலம் பெரிதோ சிறிதோ கணக்கு மாறாது, அடியும் வாயும் ஒரே அகலமாக இருக்க வேண்டும், அவ்வளவே. பனைக்குக் கீழே வைக்காதீர்கள். காலை 8.30-க்கு அடிமட்டத்தால் பார்த்து எழுதிவிட்டு ஊற்றிவிடுங்கள். பத்து வருடம் எழுதினால் உங்களிடம் இருப்பது பெரிய சொத்து.

முல்லைத்தீவு: நாளைக்குப் பாடசாலை நடக்குமா சேர்?

மேலே பார்க்கவும்.

வற்றாப்பளை, விவசாயி: அண்ணை, நந்திக்கடல் களப்பு நிறைஞ்சு வயலுக்குள்ள ஏறுது. இப்பவே முகத்துவாரத்தை வெட்டிவிட்டால் என்ன? பயிர் மூன்று நாள் மூழ்கினால் காலபோகம் போச்சு.

ஓம், எதிர்பார்த்தேன். பதில் எழுத முன்னமே மற்றப் பக்கமும் வந்துவிட்டது, அதையும் கீழே போடுகிறேன்.

வட்டுவாகல், கடற்றொழிலாளி: வெட்டினால் எங்கட இறால் முழுக்கக் கடலுக்குப் போயிடும். இன்னும் சுண்டுவிரலளவுகூட இல்லை. ஒவ்வொரு வருசமும் வயல்காரர் அவசரப்பட்டு வெட்டுறது, நாங்கள் தை மாதம் வெறும் வலையோட வாறது.

வற்றாப்பளை: உங்கட இறாலுக்காக எங்கட நெல்லு அழுகவேணுமோ?

கள்ளப்பாடு, கரைவலை: வெட்டிற இடமும் பிழை. போனமுறை வெட்டின இடத்தில எங்கட பாடு, வலை இழுக்கிற கரைத்துண்டு, அறுந்துபோச்சு.

இரண்டு மணித்தியாலமாக இது ஓடுகிறது, இருபது முப்பது பேர் சேர்ந்துவிட்டீர்கள், சூறாவளியை எல்லாரும் மறந்தாச்சு. சரி, நானும் இறங்குகிறேன்.

முதலில் இறால். அது கடலில் பொரித்து, கண்ணுக்குத் தெரியாத குஞ்சாக முகத்துவாரத்தால் களப்புக்குள் வந்து, உவர்நீரில் வளர்ந்து, பெருத்த பிறகு கடலுக்குத் திரும்புகிறது. ஆகவே தொழிலாளி சொல்வதும் சரி, முழுச் சரியுமல்ல: முகத்துவாரம் முந்தித் திறந்தால் சின்னது வெளியே போகும். ஆனால் திறக்கவே இல்லையென்றால் அடுத்த குஞ்சு உள்ளே வர வழி கிடையாது, களப்பும் மழைத்தண்ணீரால் நல்லதண்ணிக் குளமாகிவிடும்.

வயல்காரர் சொல்வதில் நான் ஒத்துக்கொள்ளாத இடம் "இப்பவே". வெட்டினால் தண்ணீர் வெளியேதான் போகும் என்று யார் சொன்னது? தண்ணீருக்கு மேடும் பள்ளமும்தான் தெரியும், யாருடைய வயல் என்று தெரியாது. வாடைக்காற்றுப் பலமாகி, கிழக்கிலிருந்து கடலைத் தள்ளிக்கொண்டிருக்கும் நேரம் கடல் மட்டம் களப்பைவிட உயர்ந்திருந்தால், வெட்டின வாயால் கடல் உள்ளே வரும். வெள்ளத்துக்குப் பயந்து வெட்டி உப்பை வயலுக்குள் விட்ட கதையாகும். மூழ்கின பயிர் தண்ணீர் வடிந்தால் ஒருவேளை எழும்பும், உப்பு ஏறின வயல் அடுத்த போகமும் அழும். எங்கள் கரையில் வற்றுப் பெருக்கு வித்தியாசம் ஓரிரண்டு அடிதான், அதனால் நேரம் பார்த்து வெட்டுவது முக்கியம்: களப்பு உயர்ந்து, கடல் வற்றி, காற்றுத் தணிந்த நேரம். ஒரு தடியைக் களப்புப் பக்கமும் ஒரு தடியைக் கடற்பக்கமும் நட்டு, நீர்க்குழாய் மட்டம் பிடித்து அடையாளம் போட்டால் விளங்கும். மேசன்மார் வீட்டுக்கு மட்டம் பிடிக்கிற அதே குழாய்தான்.

வற்றாப்பளை: அண்ணை, நீங்கள் கடற்காரர் பக்கம் கதைக்கிறீங்கள்.

வட்டுவாகல்: இவர் எப்பவும் குளத்துக்காரர், வயல் பக்கம்தான்.

இரண்டு பேரும் ஒரே நேரத்தில் சொன்னதால் நான் நடுவில்தான் நிற்கிறேன் போல.

இதில் எனக்கு உண்மையான கவலை வேறு. 2025 நவம்பரில், டிட்வா நேரம், சுண்டிக்குளத்துக்குப் பக்கத்தில் சாலை என்ற இடத்து முகத்துவாரத்தை அகலப்படுத்திக்கொண்டிருந்த கடற்படையினர் 5 பேரைத் தண்ணீர் கொண்டுபோனது. பயிற்சி பெற்ற, நீந்தத் தெரிந்த ஆட்கள். மண்வெட்டியால் ஒரு முழ அகலத்தில் தொடங்கும் வாய்க்கால், தண்ணீர் பிடித்துக்கொண்டால் இரண்டு பக்க மணலையும் தானே அறுத்துக்கொண்டு போகும், நீங்கள் நிற்கும் மணல் பத்து நிமிடத்துக்கு முன் இருந்த மணல் இல்லை. ஆகவே இன்றிரவு ஒருவரும் மண்வெட்டி தூக்க வேண்டாம். விடிய இரண்டு பக்கச் சங்கமும் கிராம அலுவலரோடு போய் மட்டம் பாருங்கள். இதற்கு மேல் முகத்துவாரக் கதை வேண்டாம், நிறுத்துங்கள்.

கள்ளப்பாடு: அந்த வெட்டின இடம்...

நிறுத்துங்கள் என்றேன்.

ஒட்டுசுட்டான்: வட்ஸ்அப்பில் ஒரு படம் வந்திருக்கு, சிவப்பு வட்டம் போட்டு "64-ஐவிடப் பெரிய சூறாவளி, வன்னி அழியும்" என்று. உண்மையா?

அந்தப் படத்தை இன்றைக்கு எனக்கு அனுப்பிய ஏழாவது ஆள் நீங்கள். திகதி இல்லை, யார் போட்டது என்று இல்லை, வட்டத்துக்குள் அரைவாசி இலங்கை இருக்கிறது. அப்படி வட்டம் போட்டால் என் பேத்தியும் சரியாகச் சொல்லுவாள். அழித்துவிடுங்கள். அவசரமென்றால் அனர்த்த முகாமைத்துவ நிலையத்துக்கு 117.

உடையார்கட்டு: தும்பி தாழப் பறக்குது, எறும்பு முட்டை தூக்குது, மயில் அகவுது. பழைய ஆட்கள் சொன்னது பொய்யா?

தும்பிக்கும் எறும்புக்கும் காற்றின் ஈரம் தெரியும், மழை வரும் என்பதற்கு அது சரி. சூறாவளியா சாதாரண மாரி மழையா என்று எறும்புக்குத் தெரியாது.

கடற்கரை ஆட்கள் சொன்ன ஒன்றுக்கு மட்டும் நான் தலைவணங்குவேன். காற்றே இல்லாத நாளில் கடல் கனத்து இரைந்தால், அலை அடிக்கடி வராமல் நின்று நிதானமாக, நீளமாக, பெரிதாக வந்து விழுந்தால், தூரத்தில் பெரியது ஒன்று இருக்கிறது. சூறாவளி எழுப்பும் நீள அலை அதைவிட வேகமாக ஓடி முந்தி வந்துவிடும். கரைவலைக்காரர் அன்றைக்கு வலை வளைக்காமல் வாடியை, கரையிலுள்ள குடிசையை, இழுத்துக் கட்டுவார்கள். செய்மதி இல்லாத காலத்தில் அதுதான் அறிவித்தல்.

இன்னொன்று, இது எல்லாருக்கும் பயன்படும். காற்றுக்கு முதுகைக் காட்டி நில்லுங்கள். உங்கள் இடது கைப் பக்கம்தான் தாழமுக்கத்தின் நடு இருக்கும். இரண்டு மணித்தியாலம் கழித்துத் திரும்ப நின்று பாருங்கள், கை எந்தப் பக்கம் திரும்பியிருக்கிறதோ அந்தப் பக்கம் அது நகர்கிறது. மரம், மதில் இல்லாத வெளியில் நின்றால்தான் சரிவரும், காற்றுப் பலமாகிவிட்டால் இந்த விளையாட்டு வேண்டாம்.

வவுனியா: கண் கடக்கிற நேரம் வெளியே வந்து கூரையைக் கட்டலாமா?

வேண்டாம். அது முடிந்ததல்ல, பாதி. மிச்சப் பாதி எதிர்ப்பக்கமிருந்து, இளகிப்போன மரத்தின் மறுபக்கத்தில் அடிக்கும்.

நெடுங்கேணி: எங்களுக்குக் கடல் இல்லை, நாங்கள் ஏன் பயப்படவேணும்?

டிட்வாவில் 600-க்கும் மேற்பட்ட சனம் செத்தது. மிகக் கூடுதலான அழிவு கடலே தெரியாத மலைநாட்டில், மண் சரிந்து. எங்கள் பக்கம் பரந்தன்–முல்லைத்தீவு வீதியில் பாலம் போனது, பிறகு இந்திய இராணுவம் வந்து பெய்லி என்ற பொருத்து இரும்புப் பாலம் போட்டுத்தான் பாதை ஒட்டியது. இவ்வளவுக்கும் காற்றுக் கணக்கில் அது சாதாரண சூறாவளி. உங்களுக்கு மலையும் இல்லை, கடலும் இல்லை, ஆனால் ஊருக்கு மேலே எத்தனை சின்னக் குளம் என்று எண்ணிப் பாருங்கள். ஒன்று உடைத்தால் கீழே இருப்பது நிரம்பும், அது உடைத்தால் அடுத்தது. எங்கள் முன்னோர் தண்ணீரைக் குளத்துக்குக் குளம் இறக்கிப் படிப்படியாகக் கட்டிய ஒழுங்கு, உடையும்போதும் அதே ஒழுங்கில்தான் உடையும்.

தர்மபுரம்: நாளைக்குப் பள்ளிக்கூடம்...

தெரியாது. தெரியாது. தெரியாது. நான் படுக்கப் போகிறேன்.

---

காலை வணக்கம். 8.30 வாசிப்பு, என் முற்றத்து மழைமானியில் 71 மில்லிமீற்றர். காற்று வடகிழக்கு, பனையோலை ஆடுகிறது, மரம் ஆடவில்லை. பாடசாலை இல்லையாம், பேத்தி சொன்னாள், இனி அந்தக் கேள்வி வராது.

இரவு முகத்துவாரத்தில் மண்வெட்டிச் சத்தம் கேட்டதாக இரண்டு பேர் எழுதியிருக்கிறீர்கள். பின்னேரம் வருகிறேன்.

முத்தையன்கட்டுப் பக்கம், ஒரு தம்பி: அண்ணை, வான் பாயுது! நல்ல வடிவு, படம் அனுப்பியிருக்கிறன் பாருங்கோ.

பார்த்தேன். உனக்குப் பின்னால் புல்லெல்லாம் ஒரே பக்கம் சாய்ந்து சேறு பூசிக் கிடக்கிறது. இப்போது தண்ணீர் அங்கே இல்லை, ஆனால் இரவு ஏதோ ஒரு நேரம் நீ நிற்கிற இடத்துக்கு மேலால் ஓடியிருக்கிறது. தம்பி, பதில் எழுதாதே. ரெலிபோனைப் பொக்கற்றுக்குள் போட்டுவிட்டு வீதிப் பக்கம் ஏறு. ஏறிய பிறகு எனக்கு எடு.